காலை பத்து மணி ராச்சாப்பாடு

புளோரன்ஸ்,
20 செப்டம்பர் 1984

வாஸ்கோவுக்கு,

மூன்று வருடம் கழித்து அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் குப்பையில் போட்டுவிடாதே. இதை எனக்காக எழுதவில்லை. அப்பாவுக்காக எழுதுகிறேன்.

ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. சில சொற்கள்தான் மிச்சம். "வேணாம்" என்கிறார், "தண்ணி" என்கிறார், "போலாம்" என்கிறார். அப்புறம் "மத்தது". சின்ன வயதில் நம்மில் ஒருவர் மட்டும் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தால், "ஒண்ணு வந்துடுச்சு, மத்தது எங்க?" என்பாரே, அந்த மத்தது. காலையில் நான் அவர் கன்னத்தில் சோப்பு தடவும்போது கண்ணாடியில் என்னையே பார்த்து "மத்தது?" என்று கேட்கிறார். இந்தப் பேட்டைக்கே சவரம் செய்துவிட்ட மனிதர், இப்போது என் கைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்கிறார். ஒருமுறை வெட்டியும் விட்டேன்.

"கண்ணுக்கு வேலை குடும்மா, மூளை சோம்பிடக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். கண்ணுக்கு வேலை கொடுக்க இந்த ஊரில் என்ன பஞ்சம்? கீழ்வீட்டுக் கசாப்புக்கடை ஒட்டெல்லோவும் அவன் மச்சானும் ஞாயிறுதோறும் அப்பாவைச் சக்கர நாற்காலியோடு மூன்று மாடி இறக்கி விடுகிறார்கள். ஓவியம் பார்க்க சான் மார்கோ மடத்துக்குப் போனோம். பார்ஜெல்லோவுக்குப் போனோம், சிலைகளின் தலைமுடியை மட்டும் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெரிய காட்சியகத்தின் வாசலில் ஜெர்மன்காரர்களின் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. அதைப் பார்த்ததும் "வேணாம்" என்றார். மூளை சோம்பவில்லை என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போ. தொலைபேசியில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அப்பா பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். எழுது.

லோரியானா


தூரின்,
27 செப்டம்பர் 1984

அக்காவுக்கு,

ஆகஸ்டில் நடந்ததைச் செப்டம்பர் கடைசியில் சொல்கிறாய். நான் அவருக்கு யார்? அடுத்த தெருக்காரனா?

வா என்று எழுதியிருக்கிறாய். எங்கே வருவது? அந்த ஈஸ்டர் சாப்பாட்டில் அத்தைகள் முன்னால் நான் சொன்னது தப்புத்தான். "அப்பாவ மூணாம் மாடியில பூட்டி வச்சிருக்கே" என்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீ என்ன சொன்னாய்? "இனிமே என் வாசப்படிய மிதிக்காதே." என் மனைவியையும் வைத்துக்கொண்டு, தட்டில் ஆட்டுக்கறி ஆறுவதற்குள் சொன்னாய். மிரெல்லா அன்று மேலங்கியைக் கூட ரயிலில்தான் போட்டுக்கொண்டாள். உன் கடிதத்தை அவள் இரண்டு தரம் படித்தாள். "அந்த வார்த்தைய வாபஸ் வாங்கின மாதிரி ஒரு வரிகூட இல்லையே" என்றாள். இல்லைதானே?

நானும் உன் தம்பிதான். உன் பிடிவாதத்தில் பாதியாவது எனக்கும் இருக்கும். நீ அந்தச் சொல்லைத் திரும்ப வாங்காமல் நான் அந்தப் படியில் கால் வைக்கமாட்டேன். ஆனால் அப்பாவைப் பார்க்காமலும் இருக்கமாட்டேன்.

அவரைத்தான் படம் பார்க்கத் தள்ளிக்கொண்டு போகிறாயே. ராச்சாப்பாட்டுக்குக் கூட்டி வா. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு, "வாங்க, ராச்சாப்பாட்டுக்குப் போலாம், சீக்கிரம், ஏசு காத்துக்கிட்டு இருக்காரு" என்பாரே. ஏசுவும் சீடர்களும் கடைசியாகச் சாப்பிடும் அந்தப் படத்துக்கு முன்னால் அவரைப் பார்க்கிறேன். அக்டோபர் 21, ஞாயிறு, காலை பத்து மணி. அது உன் வீடும் இல்லை, என் வீடும் இல்லை. நீ வந்தால் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். வாயால் சொல்ல வேண்டாம். வராவிட்டால் அதற்கும் அர்த்தம் எனக்குப் புரியும்.

வாஸ்கோ


புளோரன்ஸ்,
4 அக்டோபர் 1984

வாஸ்கோவுக்கு,

சரி. 21, பத்து மணி, ராச்சாப்பாடு.

அப்பாவிடம் சொன்னேன். "மத்தது வருதுப்பா, ராச்சாப்பாட்டுக்கு" என்றேன். பாதி வாயால் சிரித்தார். இடது கையை நீட்டி அலமாரியைக் காட்டினார். எதைக் கேட்கிறார் என்று கண்டுபிடிக்க அலமாரியையே காலி பண்ண வேண்டியிருந்தது. கடைசியில் பார்த்தால் நீலக் கழுத்துப்பட்டை. அன்றைக்கு அதைக் கட்டிவிட வேண்டுமாம். கட்டத் தெரியுமா எனக்கு? ஒட்டெல்லோவிடம் பழகிக்கொள்கிறேன்.

பேருந்தில் நாற்காலி ஏறாது. ஒட்டெல்லோவின் கறி வண்டியில் வருகிறோம். முந்தின நாளே கழுவி வைக்கிறேன் என்கிறான். மிரெல்லாவையும் கூட்டி வா. அவளுக்கு நான் ஒரு மேலங்கி அளவுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

லோரியானா


புளோரன்ஸ்,
22 அக்டோபர் 1984

வாஸ்கோ,

நீ செய்தது நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருக்கிறது.

அவரை நேற்று விடியற்காலையிலேயே எழுப்பினேன். சவரம் செய்து, சட்டை போட்டு, அந்தக் கழுத்துப்பட்டையை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினேன். ஒட்டெல்லோ ஞாயிறு தூக்கத்தை விட்டுவிட்டு வந்தான். அவன் மச்சானுக்கு மாடிப்படியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு முன்பே படத்துக்கு முன்னால் போய்விட்டோம். யார் உள்ளே வந்தாலும் அப்பா தலையைத் திருப்பினார். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்தாள், இரண்டு கன்னியாஸ்திரிகள் வந்தார்கள், குடையோடு ஒரு கிழவர் வந்தார். நீ வரவில்லை.

"மத்தது, மத்தது" என்று உன்னைக் கேட்டுக் கத்தினார். அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. மூடும் நேரமானதும் காவலாளி வந்து, "நாளைக்கு லீவும்மா, செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். வண்டியில் ஏற்றும்போது அப்பா அழுதார்.

என்னைப் பழிவாங்க வேண்டுமென்றால் என்னைப் பழிவாங்கியிருக்கலாம். பேச்சு போன ஒரு மனிதரைக் கழுத்துப்பட்டை கட்டி உட்கார வைத்து இப்படிச் செய்திருக்க வேண்டாம்.

லோரியானா


தூரின்,
26 அக்டோபர் 1984

நான் வரவில்லையா?

நானும் மிரெல்லாவும் சனி இரவு ரயிலில் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டு வந்தோம். பத்து மணிக்கு முன்பே அங்கே நின்றோம். கதவைச் சாத்தி எங்களை வெளியே விடும் வரை நின்றோம். "உங்க அக்கா வரமாட்டா, எனக்கு அப்பவே தெரியும்" என்று மிரெல்லா சொன்னதற்கு அவளோடு தெருவில் வைத்துச் சண்டை போட்டேன். உனக்காகச் சண்டை போட்டேன்!

வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல். அப்பா கத்தினார், அழுதார் என்று கதை கட்டாதே. கழுத்துப்பட்டையாம், கன்னியாஸ்திரியாம். இனி எழுதாதே.

வாஸ்கோ


புளோரன்ஸ்,
19 நவம்பர் 1984

வாஸ்கோ நென்சினிக்கு,

அப்பா போய்விட்டார். போன திங்கட்கிழமை இரண்டாவது தடவையாக வாதம் வந்தது. புதன்கிழமை த்ரெஸ்பியானோவில் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

தந்தி அடிக்கவில்லை. தபால் நிலையம் வரை போனேன். படிவத்தை எடுத்து உன் பெயரையும் எழுதினேன். அவர் உயிரோடு காத்திருந்தபோது வராதவன் இப்போது வந்து ஊர் பார்க்க அழுவானேன் என்று தோன்றியது. கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அத்தைகள் கேட்டார்கள். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

லோரியானா


தூரின்,
24 நவம்பர் 1984

லோரியானா,

உன்னை அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை.

அந்தக் கடிதத்தைப் பட்டறையிலிருந்து வந்த கையோடு படித்தேன். கையைக்கூடக் கழுவவில்லை. மறுநாளே ரயில் ஏறி த்ரெஸ்பியானோ போனேன். கல்லறைத் தோட்டக்காரன் கேட்டான்: "நீங்க அவருக்கு என்ன வேணும்?" மகன் என்றேன். "மகனா? மகன் இருக்கிறதா யாரும் சொல்லலையே!" என்றான். மண் இன்னும் இறுகவில்லை. உன் வீட்டுத் தெரு வழியாகத்தான் பேருந்து வந்தது, இறங்கவில்லை.

அன்றைக்கு அந்தப் படத்துக்கு முன்னால் நின்று என்ன நினைத்தேன் தெரியுமா? அதில் எல்லோரும் மேசைக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டிக்கொடுத்த யூதாஸ் மட்டும் இந்தப் பக்கம், தனியாக. சின்ன வயதில் அப்பாவைக் கேட்டிருக்கிறேன்: "அவன மட்டும் எதுக்குப்பா தனியா உக்கார வச்சுட்டாங்க?" "முடி வெட்ட வசதியா இருக்கும்டா. பின்னாடி சுத்திச் சுத்தி வரலாம்ல" என்றார். நான் சிரித்த சிரிப்பில் அங்கிருந்த பாதிரியார் எங்களை வெளியே அனுப்பிவிட்டார். அன்றைக்கு நின்றபோது அந்தச் சிரிப்பு வரவில்லை. என் அக்கா என்னைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்பாவின் சாவுக்குக்கூடக் கூப்பிடாமல் அதை உறுதி செய்துவிட்டாய்.

நான் வந்தேன். நின்றேன். நம்பினால் நம்பு. அவருடைய கையை ஒருமுறை பிடித்திருப்பேன், அவ்வளவுதான் நான் கேட்டது.

வாஸ்கோ


புளோரன்ஸ்,
28 நவம்பர் 1984

வாஸ்கோ,

யூதாஸ் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான்?

நம் ராச்சாப்பாட்டில் அவன் தனியாக இல்லை. எல்லோரோடும் ஒரே வரிசையில், ஏசுவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கையை நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறான். மேலே பலகணியில் இரண்டு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். "அந்த ரெண்டு பேருக்கு மட்டும் சாப்பாடு போடலை பாரு. நீ எந்திரிச்சு இடம் குடுப்பியா?" என்று அப்பா என்னைக் கேட்பார். உனக்கு அந்தப் பலகணி ஞாபகம் இல்லையா? இந்தப் பக்கம் யாருமே இல்லையே, வாஸ்கோ. மேசை விரிப்புதான் தெரியும்.

நீ எங்கே போனாய்? நான் அப்பாவைக் கூட்டிப் போனது சான் சால்வி மடத்துக்கு. தயவுசெய்து சான் சால்விக்குத்தான் வந்தேன் என்று எழுது. வேறு ஏதோ படத்தோடு குழப்பிக்கொண்டேன் என்று எழுது.

லோரியானா


தூரின்,
2 டிசம்பர் 1984

அக்கா,

நான் சான் சால்விக்குப் போனதே இல்லை. என் ராச்சாப்பாடு சாந்த அப்பொலோனியா. மணியை அடித்தால் வந்து கதவைத் திறப்பார்களே, அந்த மடம். உள்ளே போனால் கறுப்புத் தாடியோடு யூதாஸ் இந்தப் பக்கம் இருப்பான்.

நம் ஊரில் எந்த மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் ராச்சாப்பாடு இல்லை? ஓஞ்ஞிஸாந்தியில் ஒன்று, சான் மார்கோவில் ஒன்று, இன்னும் எத்தனையோ. ஊரில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியூர்க்காரன் ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால், "எந்த ராச்சாப்பாடுய்யா?" என்று முதலில் கேட்டிருப்போம். நம் இருவருக்கும் மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு நாளாக யோசித்து ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா நம்மை ஒன்றாகக் கூட்டிப் போனதே இல்லை. ஒரு ஞாயிறு நீ, மறு ஞாயிறு நான். "ரெண்டையும் சேத்துக் கூட்டிட்டுப் போனா அப்போஸ்தலர்களே எந்திரிச்சுப் போயிருவாங்க" என்று அம்மாவிடம் சொல்வார். நான் வீட்டில் இருந்த ஞாயிறுகளில் உன்னையும் என் படத்துக்குத்தான் கூட்டிப் போகிறார் என்று நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்திருக்கிறார். நமக்குச் சொல்லவே இல்லை.

அவருக்கு மட்டும்தான் தெரியும், அக்கா. அன்றைக்கு அவர் "மத்தது, மத்தது" என்று கத்தினார் என்று எழுதியிருந்தாயே. அது என்னைக் கேட்டதுதானா?

வாஸ்கோ


புளோரன்ஸ்,
7 டிசம்பர் 1984

என் வாஸ்கோவுக்கு,

உன்னைக் கேட்கவில்லை.

உன் கேள்வியை மாடிப்படியில் நின்றே படித்தேன். எனக்கு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் வருகிறார்கள் என்று பார்க்கிறார் என நினைத்தேன். பிறகு இடது கையை நீட்டிக் கதவைக் காட்டினார். "போலாம்" என்றார். "மத்தது" என்றார். "மத்தது போலாம், மத்தது போலாம்" என்று சேர்த்தே சொன்னார், வாஸ்கோ! மத்த படத்துக்குப் போகலாம் என்பதை இதைவிடத் தெளிவாக அந்த வாயால் எப்படிச் சொல்வது? நாற்காலியின் கையை அடித்தார். நான் குனிந்து, "மத்தது வராதுப்பா. அதுக்கு நாம வேணாம். கத்தாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கத்தவில்லை.

வெளியே ஒட்டெல்லோ வண்டிக்குள் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். நேற்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அடக் கடவுளே, அங்கிருந்து அப்பொலோனியாவுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்மா? ஞாயித்துக்கிழம, ரோடு வேற காலி" என்றான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று புரிந்து, எனக்கு ஈரல் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

இன்று காலை உன் சாந்த அப்பொலோனியாவுக்குப் போனேன். மணியை அடித்தேன். திறந்த அம்மாளிடம், அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை முழுக்க இங்கே ஒருவர் நின்றாரா என்று கேட்டேன். "கூட ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்களா? மழை வேற. 'எங்கப்பா சக்கர நாற்காலியில வருவாரு, ரெண்டு கதவையும் திறந்து வைங்க'ன்னு ஒரே நச்சரிப்பு. நானும் திறந்தே வச்சேன், கூடமெல்லாம் சாரல் அடிச்சுது. யாரும் வரல, பாவம்" என்றாள். படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். யூதாஸின் முதுகுப் பக்கம் நன்றாகத்தான் இடம் விட்டிருக்கிறார்கள், சுற்றி வந்து முடி வெட்டலாம். சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அந்த அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

உன்னை நம்பாமல் விட்டேன். அது போகட்டும், நீயும் என்னை நம்பவில்லை. ஆனால் அவருடைய அடக்கத்துக்கு உன்னைக் கூப்பிடாமல் விட்டேன். அதற்கு எங்கே போய் நிற்பேன்? மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத முடியவில்லை.

இதை மட்டும் எழுதுகிறேன். வாசப்படியை மிதிக்காதே என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். செப்டம்பரிலேயே இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நாம் எந்தப் படத்துக்கு முன்னாலும் போய் நிற்க வேண்டியிருந்திருக்காது. அவர் இங்கேதான் இருந்தார், மூன்றாம் மாடியில், ஜன்னலோரத்தில். நீ படியேறி வந்திருந்தால் போதும்.

கிறிஸ்துமஸுக்கு வா. மிரெல்லாவையும் கூட்டி வா, அவள் என்னோடு என் அறையில் படுத்துக்கொள்ளட்டும். உனக்கு வேறு கட்டில் இல்லை, அப்பாவின் கட்டிலில்தான் படுக்க வேண்டும். விரிப்பு, போர்வை எல்லாம் துவைத்துவிட்டேன். தலையணை உறையை மட்டும் இன்னும் துவைக்கவில்லை. அதில் அவருடைய சவர சோப்பு வாசனை இருக்கிறது. நீ வந்து ஒரு இரவு படுத்து எழுந்த பிறகு துவைத்துக்கொள்கிறேன்.

அக்கா